கதவைத் தாங்கும் இடம்

ஒரு காரின் கதவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைத் தாங்கிப் பிடிப்பது உள்ளங்கை அகலமான இரண்டு இடங்கள்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பிணைச்சல். தமிழ்நாட்டில் இதைக் கீல் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அப்பாவுக்கு அது பிணைச்சல். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நெடுநாளாக வெறும் 'ஷார்னியர்'.

அந்தப் பிணைச்சல் ஏறி நிற்கிற இடம் பழுதானால் என்ன நடக்கும், அதை எப்படித் திருத்துவது என்பதைப் போன வருஷம் நாலு சனிக்கிழமைகளில் படித்தோம். அப்பா, நான், என் ஒன்பது வயது மகள். நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். தகடு வெட்டி ஒட்டுவது என் தொழில் இல்லை. ஆனாலும் அந்த நாலு சனிக்கிழமைகளைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அப்பா காலத்துப் பொருள் ஒன்று உங்களில் பலர் வீட்டிலும் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டு

எங்கள் கார் 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் 1200. ஜெர்மன்காரர் 'கேஃபர்' என்பார்கள், வண்டு என்று அர்த்தம். அப்பாவும் 'வண்டு' என்றுதான் சொல்லுவார். இயந்திரம் பின்னால், காற்றாலேயே குளிரும், 34 குதிரைவலு. ஜெர்மனியில் இந்தக் காரின் உற்பத்தி 1978 ஜனவரியில் எம்டன் தொழிற்சாலையோடு முடிந்தது. மெக்சிகோவில் 2003 ஜூலை வரை செய்தார்கள். மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேல். அதில் ஒன்றை அப்பா 1990இல், தான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையற்காரரிடம் வாங்கினார். எனக்கு அப்போது மூன்று வயது.

அந்தக் காலம் உங்களில் பலருக்கு அப்பா அம்மா சொல்லித் தெரிந்திருக்கும். கையில் இருந்தது 'டுல்டுங்'. பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். சில மாதங்களுக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் நீட்டிக்கவேண்டும். அகதி விண்ணப்பக்காரர் தங்களுக்குக் குறித்த பகுதியை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது. அப்படி இருந்த ஒருவர் எதற்கு ஒரு கார் வாங்கினார் என்று பெரியவனான பிறகு கேட்டேன். "அனுமதி வந்தவுடனே போறதுக்கு" என்றார்.

அனுமதி வந்தது. வண்டு எங்களை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது. சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியவீடு, கலியாணம், 2002இல் குடமுழுக்கு நடந்த பிறகு வருஷா வருஷம் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர். இந்தக் காருக்கு இரண்டே கதவு. பின்னால் ஏறுகிறவரும் முன்கதவால்தான் ஏறவேண்டும். ஐந்து பேர் போகிற பயணத்தில் அந்த இரண்டு கதவும் படுகிற பாடு நாலு கதவுக் காரில் இல்லை. கதவும் நீளம். போதாததற்கு அப்பாச்சி இறங்கும்போது திறந்த கதவின் நுனியைப் பிடித்து, பாரம் முழுவதையும் அதில் போட்டுத்தான் எழும்புவா.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கதவின் பாரம் எப்போதும் மேல் பிணைச்சலைத் தூணிலிருந்து வெளியே இழுக்கும், கீழ்ப் பிணைச்சலைத் தூணுக்குள் தள்ளும். ஒருவர் கதவின் நுனியில் சாய்ந்தால் அந்த இழுவை பலமடங்கு கூடும். பிணைச்சல் தடித்த இரும்பு, அது தாங்கும். அது ஏறியிருக்கும் தூண் மெல்லிய தகடு. களைத்துப்போவது அதுதான்.

தூக்கிச் சாத்து

ஓட்டுநர் பக்கத்துக் கதவு தாழத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். முதலில் ஒரு தீப்பெட்டிக் குச்சி அளவு. அப்பா பின்தூணில் இருக்கும் பூட்டுக்கட்டையின் ஸ்குறூவை இளக்கி, கட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி இறுக்கினார். கதவு பூட்டியது. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஒரு கட்டத்தில் இறக்க இடமில்லை. அதன்பிறகு கையால் தூக்கிச் சாத்தவேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் அது தெரியும். "தூக்கிச் சாத்துங்கோ" என்று அம்மா யன்னலால் கத்துவா. என் மகள் கதவு என்றாலே தூக்கித்தான் சாத்தவேண்டும் என்று நினைத்து, எங்கள் புதுக் காரின் கதவையும் தூக்கிப் பார்த்தவள்.

வேறு யாரும் இந்தக் கதவை எப்போதோ திருத்தியிருப்பார்கள். அப்பாவின் கணக்கு வேறு. இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காரைப் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். முத்திரை கிடைத்தால் இன்னும் இரண்டு வருஷம். அந்த முத்திரைக்கும் பழைய விசா முத்திரைக்கும் அப்பா அதிகம் வித்தியாசம் பார்த்ததில்லை. கிடைத்துவிட்டால் சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஓடுகிற ஒன்றைக் கிளறக்கூடாது. கார் முப்பது வயதைத் தாண்டியதும் பழங்கால வாகனத்துக்கான 'ஹா' எழுத்துள்ள இலக்கத்தகடு எடுத்தார். இயந்திர அளவு எதுவானாலும் வருஷத்துக்கு 191 யூரோ 73 சதம் வரி. அந்தத் தகடு பூட்டிய அன்றுதான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பார்த்தேன். வண்டுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்ததுபோல.

போன வருஷம் வசந்தத்தில் அப்பா வண்டை வெளியே எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "பெற்றோல் விக்கிற விலைக்கு ஆர் ஓடுறது?" என்றார். வாரம் ஒருமுறை கராஜுக்குப் போய், துடைத்து, உள்ளே இருந்து வானொலி கேட்டுவிட்டு வருவார்.

ஒருநாள் சமையலறையில் வைத்து அம்மா சொன்னா. "பெற்றோல் விலை எண்டுறது சும்மா கதை. அவருக்கு இடது தோள் ஏலாது. தசைநார் கிழிஞ்சதுக்குப் பிறகு உள்ளுக்கு இருந்துகொண்டு அந்தக் கதவைத் தூக்கேலாது. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

எழுபது வயது மனுசன். 1990இல் அனுமதி வருமுன்பே கார் வாங்கி வைத்தவர். இப்போது கார் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, கதவு சாத்தமுடியவில்லை.

எங்கே அசையுது?

"அப்பா, கதவைக் கழற்றிப் பாப்பம்" என்றேன்.

"உதை விடு தம்பி. இன்னும் ரெண்டு வரியம் போகும்."

நான் வாதாடவில்லை. முதலில் பார்க்கலாம், வெட்டுவதைப் பிறகு யோசிக்கலாம் என்றேன். அதற்குச் சம்மதித்தார்.

தாழ்ந்த கதவுக்கு நாலு காரணம் இருக்கலாம். ஒன்று, பிணைச்சலின் நடுவில் ஓடும் ஊசி தேய்ந்திருக்கலாம். இரண்டு, ஸ்குறூ இளகியிருக்கலாம். மூன்று, பிணைச்சல் ஏறியிருக்கும் தூணின் தகடு வெடித்தோ கறள் பிடித்தோ இருக்கலாம். நாலாவது, காரின் உடலே வளைந்திருக்கலாம். இந்தக் காரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள்ளால்தான் இயந்திரத்தின் சூடான காற்று முன்னால் வருகிறது. அது உக்கினால் கதவுத்தூணின் அடியே இறங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து ஒருவர் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்கவேண்டும். இன்னொருவர் பிணைச்சலில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். நான் தூக்கினேன். மகள் குந்தி இருந்து விரல் வைத்தாள். ஊசியில் ஆட்டம் இருந்தால் பிணைச்சலின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் விரலுக்குத் தெரியும். ஸ்குறூ இளகியிருந்தால் பிணைச்சல் தூணின்மேல் வழுக்கும்.

"எங்கே அசையுது?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பா, பிணைச்சல் அசையேல்லை. சுவர்தான் அசையுது."

அப்பாவும் குனிந்து பார்த்தார். மேல் பிணைச்சலைச் சுற்றி இருந்த தகடு, கதவைத் தூக்கும்போது மூச்சு விடுவதுபோல வெளியே வந்து உள்ளே போனது. பெயின்றில் தலைமயிர் போல ஒரு கோடு. எங்கள் வேலையில் இப்படி அடிக்கடி வரும். பிழை தெரிகிற இடம் ஒன்று, பிழை இருக்கிற இடம் வேறு. இருபது வருஷம் பின்தூணில் பூட்டுக்கட்டை இறங்கியது. பழுது முன்தூணில் இருந்தது.

அப்பா நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மைஸ்டரைக் கூப்பிடு" என்றார்.

நாலு சனிக்கிழமை

மைஸ்டர் பக்கத்துக் கராஜ்காரர். காரின் உடல்வேலை செய்யும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக அப்பாவும் அவரும் 'நீங்கள்' போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். புட்டி பூசி மூடினால் அடுத்த பரிசோதனையில் பிடிபடும், ஏனென்றால் அது பாரம் தாங்கும் இடம். இரண்டாவது, கழற்றுகிற வேலையும் திரும்பப் பூட்டுகிற வேலையும் எங்களுடையது, ஒட்டுகிறது தான்.

முதல் சனி. மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிக்கொண்டு நேரே கராஜ். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று அளந்து எழுதினோம். எல்லாவற்றையும் படம் எடுத்தோம். பிணைச்சல் ஸ்குறூக்களுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே கறளை இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தோம். இந்த ஸ்குறூக்கள் பெரிய சிலுவைத் தலை. சும்மா திருப்பினால் தலை சிதைந்துவிடும். தலைக்குள் உறைந்த பெயின்றை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்புகிற ஸ்குறூட்ரைவரைப் பொருத்தி அடிக்கவேண்டும். ஒன்று மட்டும் வரவில்லை. அதைத் துளைத்து எடுத்தோம். கதவு கூடுதலாகத் திறக்காமல் பிடிக்கும் கம்பியை முதலில் கழற்றி, கதவின் கீழே ஜக் வைத்து, அதன்மேல் அம்மாவின் பழைய தலையணையைப் போட்டு, மூன்று பேரும் சேர்ந்து கதவை இறக்கினோம்.

இரண்டாவது சனி. தூணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. பிணைச்சல் ஸ்குறூக்கள் போய் ஏறுவது உள்ளே இருக்கும் ஒரு தடித்த தகட்டில். புரி வெட்டியிருப்பது அதில்தான். அந்தத் தகடு கொஞ்சம் நகரும்படி விட்டிருப்பார்கள், கதவை மேலே கீழே சரிசெய்வதற்காக. எங்கள் காரில் அதன் இரண்டு துளைகளில் புரி தேய்ந்துபோயிருந்தது. வெளித் தகட்டில் ஸ்குறூத் துளையிலிருந்து வெடிப்பு ஓடி, உள்பக்கம் கறள் பிடித்து, சில இடத்தில் விரலால் அமத்தினாலே உதிர்ந்தது.

அன்று பின்னேரம் முழுக்க ஒட்டுவதற்கான ஆயத்தம். இந்தக் காரில் பெற்றோல் தாங்கி முன்னால், கதவுத்தூணுக்குக் கிட்ட இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் வெல்டிங் கிட்டவே வரக்கூடாது. பட்டறி பின் இருக்கைக்குக் கீழே, அதையும் கழற்றினோம். இருக்கை, கால்விரிப்பு எல்லாம் வெளியே. தூணை வெட்டும்போது வாசல் வளையாமல் இருக்க முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் கொடுத்தார் மைஸ்டர்.

மூன்றாவது சனி வெட்டினோம். கறள் உள்ள தகட்டை வெட்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். பளபளக்கும் வரை என்றார் மைஸ்டர். அப்பா அந்த நேரம் வெளியே போய் நின்றார். கிரைண்டர் சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வந்தார். தூணில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதைப் பார்த்து, "இனி இது திரும்பிக் கார் ஆகுமோ?" என்று தமிழில் கேட்டார். மைஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "வரும், வரும்" என்று ஜெர்மனில் பதில் சொன்னார்.

மகள் தானியப் பெட்டி அட்டையில் ஓட்டையின் அச்சை வெட்டினாள். அதை வைத்து அதே தடிப்புள்ள தகட்டில் துண்டு வெட்டினோம். பின்னால், பிணைச்சலை விட அகலமான ஒரு தாங்கு தகடு. இழுவை இனி ஒரு சின்ன இடத்தில் விழாமல் பரவவேண்டும். மைஸ்டர் ஒரேயடியாக ஒட்டவில்லை. இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஒரு புள்ளி. ஒரே இடத்தில் சூடு கூடினால் தகடு நெளிந்துவிடும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும்வரை இரண்டு மணித்தியாலம். முடிந்த பிறகும் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க அரை மணித்தியாலம் காத்திருந்தோம். உள்ளே நகரும் தகட்டுக்குப் புதிது ஒன்று போட்டோம். அதை ஒட்டவில்லை, நகர விட்டோம்.

கதவு ஏறினது

நாலாவது சனி அப்பாவின் நாள். பெயின்ற் காய்ந்திருந்தது. தூணுக்குள் மெழுகு அடித்திருந்தோம். மைஸ்டர் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்தூணில் இருந்த பூட்டுக்கட்டையை முதலில் முழுதாகக் கழற்றச் சொன்னார் அப்பா. "அது இருந்தால் கதவைத் தூக்கிப் பிடிச்சுப் பொய் சொல்லும்" என்றார். இருபது வருஷம் அந்தக் கட்டையோடு பழகிய மனுசன். கதவைப் பிணைச்சலில் பொருத்தி, ஸ்குறூக்களை அரை இறுக்கத்தில் விட்டு, சாத்தி, இடைவெளி பார்த்து, திறந்து, கொஞ்சம் தட்டி, மறுபடி சாத்தி. நான் அளந்து எழுதிய தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. விரல் நுனியைக் கதவின் விளிம்பில் ஓடவிட்டு, "மேலை ஒரு நூல் உள்ளுக்கு" என்றார். நான் இறுக்கினேன். தாளில் இருந்த அளவை வைத்துப் பிறகு சரிபார்த்தேன். மேலும் கீழும் ஒரே இடைவெளி. பூட்டுக்கட்டை திரும்பப் பூட்டியபோது, தொழிற்சாலையில் வைத்த பழைய அடையாளத்திலேயே போய் இருந்தது.

பிறகு ரப்பர் போட்டோம். புது ரப்பர் போட்டால் எந்தக் கதவும் கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கும். இந்தக் காரின் உடல் காற்றுப் புகாமல் மூடும் என்பதால் யன்னலைச் சற்றுத் திறந்துவிட்டால்தான் கதவு இலகுவாகச் சாத்தும். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, யன்னலை இரண்டு விரல் இறக்கி, இடது கையால் கதவை இழுத்தார். பழக்கத்தில் தூக்கியும் இழுத்தார். கதவு 'டப்' என்று அடித்துக்கொண்டு சாத்தியது. தோள் நொந்திருக்கவேண்டும், முகம் சுருங்கியது.

"தூக்கவேண்டாம் அப்பப்பா" என்றாள் மகள். "சும்மா இழுங்கோ."

மறுபடி திறந்து, இந்தமுறை இரண்டு விரலால் இழுத்தார். பூட்டு இரண்டு தரம் கிளிக் என்றது. முதல் சத்தம் அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. அந்த இரண்டாவது சத்தத்தைப் பல வருஷமாக நாங்கள் கேட்டிருக்கவில்லை. அதுவரை கதவு அரைப் பூட்டிலும் எங்கள் நம்பிக்கையிலும் நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

மகள் தூக்கிச் சாத்துவதை ஒரு கிழமையில் மறந்துவிட்டாள். எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அப்பா இன்னும் முழுதாக மறக்கவில்லை. எங்கள் பெற்றோர் ஒடுங்கி வாழப் பழகிய காலம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது. அது நமக்கும் வந்து, நம்மிடமிருந்து பிள்ளைகளுக்கும் போகிறது, காரணம் சொல்லப்படாமலே. என் மகளுக்குக் காரணம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். டுல்டுங் என்றால் என்ன, அப்பப்பா ஏன் எதையும் கிளறமாட்டார் என்று தேர்த் திருவிழாவுக்கு ஹம் போகிற வழியில் அவளுக்குச் சொன்னேன். வண்டில்தான் போனோம். அப்பா ஓட்டினார். முன்னால் இருந்தபடி நான் விட்ட இடங்களை அவரே நிரப்பினார். சிலவற்றை நானும் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் நின்றால், ஒரு கை கதவிலும் பிள்ளையின் விரல் பிணைச்சலிலும் வைத்து ஒருமுறை பாருங்கள். தகடு அசைந்தால் பூட்டுக்கட்டையைத் தொடாதீர்கள், தூணைப் பாருங்கள். ஒட்டு வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கழற்றுவதையும் பூட்டுவதையும் வீட்டுப் பெரியவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

பரிசோதனையில் முத்திரை கிடைத்தது. ஒட்டிய இடத்தின் படங்களை நான் கேட்காமலே அப்பா எடுத்துக் காட்டினாராம். இப்போது வலப்பக்கக் கதவும் ஒரு தீப்பெட்டிக் குச்சி அளவு தாழ்ந்திருக்கிறது. போன கிழமை அதைக் காட்டினேன். அப்பா குனிந்து பார்த்து, "இன்னும் ரெண்டு வரியம் போகும்" என்றார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, இஞ்ச ஒருக்கா விரலை வை பாப்பம்" என்றார்.